கால் தரியாத மாணவர்க்கு ஒரு திறந்த மடல்

பிரம்மதேசத்திலும், அங்கிருந்து மரக்காணத்துக் கடற்கரை வரையிலுள்ள சுற்றூர்களிலும் மேனிலை வகுப்புகளில் பயின்றுவரும் மாணவ மாணவியர்க்கு,



இம்மடல் உங்கள் அனைவருக்கும் உரியதன்று என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நலம். முதல் மணி அடித்ததும் அமர்ந்து, கடைசி மணி வரையில் ஆசிரியர் சொல்வதைச் சிந்தாமல் சிதறாமல் ஏட்டில் ஏற்றிக்கொள்ளும் நற்சுபாவம் வாய்க்கப் பெற்றவர்கள் உங்களில் பலர் உண்டு. அவர்கள் தம் வழியிலேயே முன்னேறி, கலெக்டராகவும் டாக்டராகவும் கணக்கராகவும் விளங்கித் தாய் தந்தையர் மனத்தைக் குளிர்விப்பார்கள். அவர்களுக்கு என் ஆசி உண்டு, ஆலோசனை தேவையில்லை. நான் எழுதுவது, சன்னலை அடுத்த இடத்துக்காக ஆண்டுத் தொடக்கத்திலேயே சண்டையிட்டவர்களுக்கு. திண்டிவனத்திலிருந்து மரக்காணம் செல்லும் சாலையில் பேருந்தின் ஒலி கேட்டவுடனே பாடத்தை மறந்து, அது எங்கே போகிறது, அங்கிருந்து வேறெங்கே போகலாம் என்று எண்ணத் தொடங்குகிறவர்களுக்கு. பூகோளப் புத்தகத்தில் பாடத்தை விட்டுப் படத்தை மட்டும் பார்க்கிறவர்களுக்கு. மரக்கன்று நடவும் பந்தல் போடவும் ஆள் வேண்டும் என்று தலைமையாசிரியர் சொல்லி முடிப்பதற்குள் எழுந்து நிற்கிறவர்களுக்கு.

உங்களைப் பற்றிப் பெரியவர்கள் கொண்டுள்ள அபிப்பிராயம் நீங்கள் அறியாததன்று. ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாதவன், காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள், ஊர்சுற்றி என்றெல்லாம் அவர்கள் சொல்வார்கள். அதிலும் பெண் பிள்ளையாயிருந்துவிட்டால் சொல்லின் கடுமை இருமடங்காகும். இவ்வேச்சுகளுள் பெரும்பாலானவை தமிழ்நாட்டில் எங்கும் கேட்பவை. உங்கள் வட்டாரத்துக்கென்றே ஒன்று உண்டு. "ஒழுங்காகப் படி, இல்லாவிட்டால் உப்பளத்துக்குத்தான் போவாய்" என்பதே அது. இவ்வொரு வாக்கியத்தை உங்களோடு சேர்ந்து சற்று ஆராய வேண்டுமென்பதற்காகவே எழுதத் துணிந்தேன்.

அவ்வாக்கியத்தைச் சொல்லுகிறவர் பெரும்பாலும் உங்கள் அம்மாவாகவோ ஆயாவாகவோ இருப்பார். அவர் பொய் சொல்லவில்லை. தை பிறந்ததும் பாத்திகளில் தேங்கிய மழைநீரை இறைத்து, சேற்றைச் சமன்செய்து, தரை கெட்டிப்படும் வரை நாட்கணக்கில் காலால் மிதித்து, பங்குனி சித்திரையில் கண்கூசும் வெண்மைக்கு நடுவே நின்று உப்பு வாரி, தலைச்சுமையாய்க் கரையேற்றி, ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை வந்ததும் மூன்று மாத காலம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அந்த ஜீவனத்தை அநுபவித்தவருக்கே அதன் கஷ்டம் தெரியும். உப்புநீரில் ஊறிய பாதம் வெடித்துப் புண்ணாவதும், வருஷக்கணக்கில் வெள்ளைக் கூச்சத்தைப் பார்த்த கண் மங்குவதும் கதைகள் அல்ல. மழைக்கால வேலையின்மைக்கு ஈடாக உப்பளத் தொழிலாளருக்கு 5,000 ரூபாய் நிவாரணம் என்று அரசாங்கம் ஏற்பாடு செய்ததே, அத்தொழிலின் வருமானம் எத்தகையது என்பதற்குப் போதிய சாட்சியம். ஆகவே, வெட்டவெளியில் உழைப்பதே இன்பம், நாற்காலியில் அமர்ந்திருப்பது நரகம் என்று எவரேனும் உங்களிடம் கவிபாட வந்தால் அவரை ஒரு சித்திரை மாதத்து நண்பகலில் பாத்திக்குள் இறக்கிவிடுங்கள். நிர்ப்பந்தத்தால் வெயிலில் நிற்பவனுக்கு வெயில் சாகசமன்று. உங்களை மின்விசிறியின் கீழே உட்கார வைத்துப் பார்க்க வேண்டும் என்ற ஆசை, தாம் பட்ட பாட்டைத் தம் மக்கள் படலாகாதென்ற அன்பிலிருந்து பிறந்தது. அதை ஏளனம் செய்யாதீர்கள்.

ஆயினும் அவ்வாக்கியத்தில் ஓர் அநியாயம் இருக்கிறது. உப்பளத்தைத் தண்டனையென்று சொல்லிச் சொல்லி, அங்கே பாட்டன் பூட்டன் காலமாய்த் திரண்டிருக்கும் வித்தையை அறிவென்றே எவரும் கருதாதபடி செய்துவிட்டோம். ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்புகள் கரைந்துள்ளன என்று உங்கள் பாடப்புத்தகம் சொல்லும். அந்நீரைப் பாத்தி பாத்தியாய் நகர்த்திக் காயவைத்து, நீரின் உப்புச்செறிவைக் காட்டும் போமே அளவுகோலில் மூன்றரை டிகிரியளவில் இருந்ததை இருபத்தைந்துக்கு உயர்த்தினால்தான் நாம் உண்ணும் உப்பு பூக்கத் தொடங்குகிறது. அதற்கு முன்னரே ஜிப்சம் பிரிந்து அடியில் தங்கிவிடும். இருபத்தொன்பதைத் தாண்டவிட்டாலோ மக்னீசிய உப்புகள் சேர்ந்து கசப்பேறிவிடும். ஆகையால் உரிய தருணத்தில் அந்த எஞ்சிய நீரை வடித்துவிட வேண்டும். இந்த இடைவெளியைக் கருவியின்றி, நீரின் நிறத்தையும் வழவழப்பையும் காற்றின் திசையையும் கொண்டே நிதானித்துச் சொல்லும் முதியவர்கள் அளங்களில் உண்டு. வேதியியலில் கரைதிறன் என்ற பாடத்தில் மதிப்பெண் இழந்த மாணவனின் தாத்தா, அதே பாடத்தை அறுபது வருஷமாகப் பிழையின்றிச் செய்துவருகிறார் என்றால், அவ்விருவரையும் ஒரே அறையில் உட்கார வைக்காதது யாருடைய குற்றம்?

என் கருத்து இதுதான். வெளியில் திரிய விரும்பும் சுபாவம் குற்றமன்று; அச்சுபாவத்துக்கு ஒரு வித்தை துணையாக அமையாவிடில் அது எங்கும் சென்று சேராது. வித்தையற்றவன் ஊர் ஊராகக் கொண்டு செல்லப்படுகிறான். வித்தையுடையவனைத்தான் ஊர்கள் அழைக்கின்றன. இதை உபதேசமாகச் சொன்னால் நீங்கள் சன்னல் பக்கம் திரும்பிவிடுவீர்கள் என்பது தெரியும். ஆதலால் சில மனிதர்களைக் காட்டுகிறேன்.

'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவைத் தமிழ் வகுப்பில் நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம் வேண்டுமென்று செனட் சபையில் பேசிவிட்டு அமர்ந்தவர் அங்கேயே உயிர்நீத்தார்; அது 1925ஆம் ஆண்டு. அவருடைய கடைசிப் பிள்ளை கிருஷ்ணனுக்கு அப்போது பதின்மூன்று வயது. தந்தையின் புகழுக்கேற்ற மாணாக்கனாக அப்பிள்ளை விளங்கவில்லை. மாநிலக் கல்லூரியில் சேர்ந்த பின்னரும் வகுப்பறை அவரைப் பிடித்து வைக்கவில்லை. ஆனால் பைசன் என்ற தாவரவியல் பேராசிரியர் மாணவர்களை நீலகிரிக்கும் கோடைக்கானலுக்கும் அழைத்துச் சென்று செடிகொடிகளை நேரில் காட்டிய யாத்திரைகள் அவரைப் பிடித்துக்கொண்டன. பட்டம் பெற்றார், சட்டமும் படித்தார், எந்த உத்தியோகத்திலும் மனம் ஒட்டவில்லை. அச்சகத்தில் இருந்தார், ஓவியம் வரைந்தார், பின்னர் 1942இல் பெல்லாரிக்கு அருகிலுள்ள சந்தூர் சமஸ்தானத்துக்குப் போய் ஆசிரியர் வேலையிலிருந்து நீதிபதி வேலை வரை பலவற்றையும் பார்த்தார். இடையே ஆடு வளர்த்தார், தபால் கொண்டுசெல்லும் புறாக்களையும் பழக்கினார். நம் உறவினருள் ஒருவர் இப்படி இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்போம் என்பதை உங்கள் கற்பனைக்கே விட்டுவிடுகிறேன்.

அந்த மனிதர் 1950இல் கல்கத்தாவின் 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் இயற்கையைப் பற்றி ஒரு பகுதி எழுதத் தொடங்கி, 1996 பிப்ரவரியில் காலமாகும் வரை நாற்பத்தாறு ஆண்டுகள் தொடர்ந்து எழுதினார். வேண்டாத பாகங்களைச் சேர்த்துத் தாமே இணைத்துக்கொண்ட ஒரு பெருங் காமிராவைத் தூக்கிக்கொண்டு யானைகளுக்குப் பின்னால் நடந்தார். தென்னாட்டு வனவிலங்குகளை ஆராய்வதற்காக ஜவகர்லால் நேரு நல்கை அவரைத் தேடி வந்தது. பத்மஸ்ரீ விருதும் வந்தது. தமிழிலும் நல்ல கட்டுரைகள் எழுதினார். தியடோர் பாஸ்கரன் அவற்றைத் தொகுத்து 'மழைக்காலமும் குயிலோசையும்' என்னும் பெயரில் நூலாக்கியிருக்கிறார். உங்கள் நூலகத்தில் இல்லையென்றால் வாங்கித் தரும்படி கேளுங்கள். நாற்பத்தாறு ஆண்டுகள் விடாமல் ஒரு காரியத்தைச் செய்தவரை நிலையற்றவர் என்று எப்படிச் சொல்வது? நிலைகொள்ள வேண்டிய இடம் கிடைக்கும் வரையில்தான் அவர் நிலையற்றவராயிருந்தார்.

கிருஷ்ணனுக்குக் கல்லூரியும் ஆங்கிலமும் பிரசித்தி பெற்ற குடும்பமும் துணையிருந்தனவே, எங்களுக்கு என்ன இருக்கிறது என்று உங்களில் ஒருவர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. அதற்கு விடையாக, பள்ளிக்கூடத்தின் நிழலையே அறியாத இருவரைப் பற்றிச் சொல்லுகிறேன்; அவர்கள் உங்களுக்குத் தூரத்தவர்களும் அல்லர்.

செங்கற்பட்டு மாவட்டத்துச் சென்னேரியைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இருவரும் இருளர் குலத்தவர். பாம்பு பிடிப்பது அவர்களுடைய முன்னோர் தொழில். ஒரு காலத்தில் தோலுக்காகப் பாம்பு பிடித்து விற்றுப் பிழைத்த இருளர் மக்கள், 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன்பின் வந்த ஏற்றுமதித் தடையும் அத்தொழிலை நிறுத்திவிடவே, திக்கற்று நின்றார்கள். ராமுலஸ் விட்டேகர் என்ற பாம்பியல் வல்லுநரின் முயற்சியால் 1978இல் கிழக்குக் கடற்கரைச் சாலையிலுள்ள வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கையும் உரிமம் பெற்றுப் பிடித்து, நஞ்சை எடுத்துவிட்டு, மறுபடியும் காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். அந்நஞ்சிலிருந்துதான் பாம்புக்கடிக்கு மருத்துவமனையில் ஏற்றும் முறிமருந்து உண்டாகிறது. அளத்துக் கரையிலோ கழனி வரப்பிலோ கடிபட்டுப் பிழைத்தவர் உங்கள் ஊரில் இருப்பாராயின், அவர் உயிருக்கு ஓர் இருளர் கையும் காரணமாயிருந்திருக்கலாம்.

அமெரிக்காவின் புளோரிடா மாகாணத்துச் சதுப்பு நிலங்களில், வளர்ப்புப் பிராணியாக வாங்கப்பட்டுப் பின் வெளியே தப்பிய பர்மிய மலைப்பாம்பு பல்கிப் பெருகி, முயல் முதலான சிறு விலங்குகளையெல்லாம் தின்று தீர்த்துவிட்டது. 2016இல் ஆயிரம் பேர் வரை பங்குகொண்ட ஒரு மாத காலப் போட்டி வேட்டையில் 106 மலைப்பாம்புகளே அகப்பட்டன. மறு ஆண்டு சனவரியில் புளோரிடாப் பல்கலைக்கழகத்தார் வடிவேலையும் மாசியையும் அழைத்தார்கள். ஐம்பது வயதைக் கடந்த அவ்விருவரும், கரைமீது வண்டியை மெல்ல ஓட்டிக்கொண்டு தேடும் அந்நாட்டார் முறையைப் பின்பற்றாமல், கையில் ஒரு கம்பியோடு புதருக்குள் நேரே நுழைந்து, தடம், சட்டை, எச்சம் ஆகியவற்றைப் பார்த்துப் பார்த்து நடந்தார்கள். முதல் இரண்டு வாரங்களுக்குள்ளாக 13 பாம்புகள் பிடிபட்டன. அவற்றுள் ஒன்று, கைவிடப்பட்ட ஓர் ஏவுகணைத் தளத்தின் இடிபாட்டில் ஒளிந்திருந்த பதினாறடிப் பெண் பாம்பு. அத்தேசத்துச் சதுப்பு நிலம் அவர்களுக்குப் புதிது. பாம்பைத் தேடும் வித்தை மட்டும் கையிலிருந்தது. அது எங்கும் செல்லுபடியாயிற்று. 2023இல் இருவருக்கும் சேர்த்துப் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது.

(இதைப் படித்துவிட்டுப் பாம்பு பிடிக்கக் கிளம்பிவிடாதீர்கள். உரிமமின்றிப் பிடிப்பது குற்றம். மேலும், அவ்வித்தை ஒரு தலைமுறையில் வந்ததன்று. இருளர் வீட்டுப் பிள்ளை ஒருவர் உங்கள் வகுப்பிலேயே அமர்ந்திருக்கக்கூடும். அவரைப் பார்த்துப் பேச நேர்ந்தால் மரியாதையோடு பேசுங்கள். அதுவே நான் கேட்பது.)

பிரயாணம் என்றதும் ஏ.கே. செட்டியாரைச் சொல்லாமல் விட முடியாது. 1911இல் காரைக்குடிக்கு அருகிலுள்ள கோட்டையூரில் பிறந்த அவர் இளமையிலேயே பர்மாவுக்குச் சென்று பத்திரிகை நடத்தினார். அங்கிருந்து டோக்கியோவுக்கும் நியூயார்க்குக்கும் போய்ப் புகைப்படக் கலையை முறையாகக் கற்றார். வேடிக்கை பார்க்கப் போகவில்லை, படிக்கப் போனார் என்பதைக் கவனியுங்கள். 1937 அக்டோபர் 2ஆம் நாள் அட்லாண்டிக் கப்பல் ஒன்றில் போகும்போது காந்தியடிகளைப் பற்றி ஒரு படம் எடுக்க வேண்டுமென்ற எண்ணம் தோன்றிற்று; அதன்பின் நெடுந்தூரம் அலைந்து, நாடு நாடாய்ச் சிதறிக் கிடந்த படச்சுருள்களைத் தேடித் திரட்டி, 1940இல் படத்தை வெளியிட்டுவிட்டார். கையில் காமிரா வித்தை இல்லாதிருந்தால் அந்தப் பிறந்தநாள் நினைவு கப்பலிலிருந்து இறங்கும்போதே மறந்து போயிருக்கும். அவர் எழுதிய பிரயாண நூல்களில் தம்மைப் பற்றிய பேச்சு மிகவும் குறைவு. இக்காலத்தில் ஊர் சுற்றுகிறவர்கள் தம் முகத்தையே முன்வைத்துப் பின்னால் மலையைக் காட்டும் வழக்கத்தை அவர் கண்டிருந்தால் என்ன நினைத்திருப்பார் என்று எனக்கு அவ்வப்போது தோன்றுவதுண்டு.

மாணவியர்க்குத் தனியே ஒன்று சொல்ல வேண்டும். மரக்காணத்திலிருந்து கடலோரமாகத் தெற்கே போனால் வரும் புதுச்சேரியைச் சேர்ந்தவர் கடற்படை லெப்டினன்ட் கமாண்டர் ரூபா அழகிரிசாமி. அவரும் கோழிக்கோட்டைச் சேர்ந்த தில்னாவும் 'தாரிணி' என்ற சிறிய பாய்மரக் கப்பலில் 2024 அக்டோபர் 2ஆம் நாள் கோவாவை விட்டுப் புறப்பட்டு, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, பாக்லாந்து தீவுகள், தென்னாப்பிரிக்கா ஆகிய இடங்களில் மட்டும் தங்கி, காற்றையே நம்பி 25,000 கடல் மைலுக்கு மேல் ஓட்டி, 2025 மே 29ஆம் நாள் மீண்டும் கோவாவை அடைந்தார்கள். பசிபிக் மகாசமுத்திரத்தில் எந்தக் கரைக்கும் மிகத் தொலைவான புள்ளி ஒன்று உண்டு; அவ்விடத்தைக் கடக்கும்போது, தலைக்கு மேலே விண்வெளி நிலையத்தில் இருப்பவர்களே பெரும்பாலும் அருகிலுள்ள மனிதர்கள். அவ்வழியாகவும், புயலுக்குப் பேர்போன கேப் ஹார்ன் முனையைச் சுற்றியும் இரு பெண்கள் வந்து சேர்ந்தார்கள். அதற்கு முன்பு மூன்றாண்டுக் காலம் அதே படகில் பயிற்சி செய்தார்கள். பாய் தைக்கவும், இயந்திரம் பழுது பார்க்கவும், காற்றழுத்தம் கணிக்கவும், ஒருவர்க்கு நோய் வந்தால் மற்றவர் சிகிச்சை செய்யவும் ஆள் வேறில்லாத அத்தகைய பிரயாணத்தில் தைரியத்துக்கு இருக்கும் பங்கு, பயிற்சிக்கு இருக்கும் பங்கைவிடச் சிறிது என்றே எனக்குத் தோன்றுகிறது. "பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்கு இந்த வேலை" என்று கேட்பவரிடம் வாதாடாதீர்கள். இச்செய்தியை மட்டும் சொல்லுங்கள்.

இனி உங்கள் ஊருக்கு வருவோம். வெளியூர் போகத் துடிக்கும் எவரும் சொந்த ஊரில் ஒன்றுமில்லை என்று நம்புவது இயல்பு. ஆனால் உங்கள் கடற்கரை, உலகம் வந்து போன கடற்கரை. இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படை, ஒரு பாணனை நல்லியக்கோடனிடம் வழிகாட்டி அனுப்பும் நூல்; அவ்வழியில் வரும் எயிற்பட்டினம் மரக்காணத்தை ஒட்டியதே என்று ஆராய்ச்சியாளர் பலரும் கருதுவர். அங்கே நெய்தல் நிலத்து மக்கள் வழிப்போக்கனுக்குச் சுட்ட மீனோடு விருந்து வைக்கிறார்கள். உப்பு வண்டிகளோடு நாடெங்கும் சுற்றிய உமணரும், அவர்களோடு பிள்ளைபோல் வளர்ந்த குரங்கும் அந்நூலில் வருகிறார்கள். உப்புக்காரரே அக்காலத்துப் பெரும் பிரயாணிகள் என்பதை உங்கள் வீட்டில் யாரேனும் உங்களுக்குச் சொல்லியதுண்டா? பிற்காலத்தில், தாது வருஷப் பஞ்சத்தின்போது பசித்த ஜனங்களுக்கு வேலை கொடுப்பதற்காகச் சென்னைக்குள் ஒரு பகுதி வெட்டப்பட்டு முழுமை பெற்ற பக்கிங்காம் கால்வாயும், தெற்கே வந்து முடிவது மரக்காணத்தருகில்தான். உப்பும் விறகும் ஏற்றிய படகுகள் அவ்வழியே பட்டணம் போயின.

கழுவேலியைப் பற்றிச் சொல்லவே தனி மடல் வேண்டும். வானூர், மரக்காணம் வட்டங்களில் 5,000 ஹெக்டேருக்கு மேல் பரந்து, மழைக்காலத்தில் நன்னீரும் கோடையில் உவர்நீருமாய் மாறி, உப்பங்கழி வழியே எடையன்திட்டு முகத்துவாரத்தில் கடலைத் தொடும் அந்நீர்நிலை, 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2024 ஆகஸ்டில் ராம்சார் உடன்படிக்கையின் கீழ் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமென்ற அந்தஸ்தும் பெற்றது. கார்த்திகைக்குப் பின் அங்கே வந்து இறங்கும் வாத்துகளும் உள்ளான்களும் மத்திய ஆசியாவிலிருந்தும் அதற்கும் வடக்கேயிருந்தும் பறந்து வருபவை. கடவுச்சீட்டுக்காக நீங்கள் ஏங்கும் அத்தேசங்களின் பிரஜைகள் ஆண்டுதோறும் உங்கள் ஊருக்கு வந்து நான்கு மாதம் தங்கிச் செல்கின்றன. அவற்றுள் பத்தின் பெயராவது உங்களுக்குத் தெரியுமா? வரித்தலை வாத்து இமயத்தைத் தாண்டி வருகிறது என்பதைப் புத்தகத்தில் படிப்பது வேறு, நீர்ப்பரப்பில் உட்கார்ந்திருக்கும் பறவையைப் பார்த்து இது ஊசிவால் வாத்து, இது நீலச்சிறகு என்று நூறடி தூரத்திலிருந்து பிரித்துச் சொல்வது வேறு. இரண்டாவது ஒரு வித்தை. காசு செலவில்லாமல் உங்களுக்குக் கிடைப்பது.

வழிகள் இல்லாமற் போகவில்லை. வெளியில் செய்யும் வேலைக்கென்றே படிப்புகள் இருக்கின்றன. மேட்டுப்பாளையத்தில் வனக் கல்லூரி இருக்கிறது. நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்ட மீன்வளப் பல்கலைக்கழகம் இருக்கிறது. சென்னையில் இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகம் இருக்கிறது. மலையேற விரும்பினால் உத்தரகாசியிலும் டார்ஜிலிங்கிலும் பயிற்சி நிலையங்கள் உண்டு. டார்ஜிலிங் நிலையம், எவரெஸ்டில் முதலில் கால்வைத்த இருவருள் ஒருவரான டென்சிங் ஆசானாக இருந்து கற்பித்த இடம். நிலஅளவையும் மண்ணியலும் தொல்லியலும் நாற்காலியை விட்டு எழுந்தவர்களுக்குரிய சாஸ்திரங்களே. இவற்றுள் சிலவற்றுக்குக் கணக்கும் வேதியியலும் பாஸாக வேண்டும் என்பதைச் சொல்ல வருத்தமாகத்தான் இருக்கிறது. என்ன செய்வது, நட்சத்திரத்தைப் பார்த்துக் கப்பல் ஓட்டியவனும் திரிகோண கணிதத்தைப் படித்துத்தான் ஓட்டினான். சன்னலோரத்தில் உட்காருங்கள், தடையில்லை. அவ்விரண்டு வகுப்புகளிலும் மட்டும் முகத்தைக் கரும்பலகைப் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஓர் எச்சரிக்கையையும் சொல்லியாக வேண்டும். உங்களுடைய இந்தத் துடிப்பை உங்களைவிட நன்றாக அறிந்தவர்கள் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் கைப்பேசியிலும் டீக்கடையிலும் வந்து, வெளிநாட்டில் கணினி வேலை, மாதம் லட்ச ரூபாய், சுற்றுலா விசாவில் போனால் போதும் என்பார்கள். அப்படிப் போன தமிழ்நாட்டு இளைஞர்கள் கம்போடியா முதலிய நாடுகளில் கடவுச்சீட்டைப் பறிகொடுத்து, இணைய மோசடிக் கூடங்களில் அடைபட்டு, அரசாங்கத்தார் தலையிட்டு மீட்க வேண்டியதாயிற்று. வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்ப்பவர் 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவுபெற்றவராக இருத்தல் வேண்டும், பதிவெண்ணைக் கேளுங்கள், சொல்லத் தயங்கினால் அவர் வாங்கிக் கொடுத்த டீயைக்கூடக் குடிக்காதீர்கள். பறவையை வலை விரிக்கிறவன் நன்றாக அறிவான். நான் மேலே சொன்ன பிரயாணிகள் அறுவரும் அழைக்கப்பட்டோ, கற்கவோ, சொந்தத் தீர்மானத்தின்பேரிலோ சென்றவர்கள். எவரும் ஏற்றி அனுப்பப்பட்டவர்கள் அல்லர்.

ஆசிரியர்களும் இதைப் படிக்க நேர்ந்தால் அவர்களுக்கும் ஒரு விண்ணப்பம். ஆண்டுக்கொரு முறை பிள்ளைகளைச் சொகுசுப் பேருந்தில் ஏற்றி, கேளிக்கைப் பூங்காவுக்கு அழைத்துச் சென்று, இரவு பன்னிரண்டு மணிக்குத் திருப்பிக் கொண்டுவருவதைக் கல்விச் சுற்றுலா என்று அழைக்கும் வழக்கத்தைச் சற்றே நிறுத்தி, அந்தப் பணத்தில் இரண்டு தூரநோக்கிகளும் ஒரு போமே மானியும் வாங்குங்கள். அளத்தில் முதிர்ந்த ஒருவரை வகுப்புக்கு அழைத்து நாற்காலி போட்டு உட்கார வைத்து, நீர் பழுத்திருப்பதை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று பிள்ளைகள் எதிரில் கேளுங்கள். அன்றைக்கு அவருடைய பேரனோ பேத்தியோ எந்தப் பக்கம் பார்க்கிறார் என்பதையும் கவனியுங்கள்.

மாணவர்களே, வனத்துறையினர் ஒவ்வொரு ஆண்டும் பனிக்காலத்தில் தமிழ்நாட்டு ஈரநிலங்களில் ஒருங்கிணைந்த பறவைக் கணக்கெடுப்பு நடத்துகிறார்கள், தன்னார்வலர்களையும் சேர்த்துக்கொள்கிறார்கள், கழுவேலியும் அதில் உண்டு. இவ்வாண்டு மழை விடுவதற்கு முன்பே உங்கள் தலைமையாசிரியரிடம் கடிதம் பெற்று, விழுப்புரம் மாவட்ட வனத்துறை அலுவலகத்தில் உங்கள் பெயர்களைப் பதிவு செய்துகொள்ளுங்கள். வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். தொப்பியும் தண்ணீரும் ஒரு நோட்டுப் புத்தகமும் கொண்டுபோங்கள். நீச்சல் தெரியாதவர்கள் கழியில் இறங்க வேண்டாம். கணக்கெடுப்பு விடியற்காலை ஆறு மணிக்கே தொடங்கிவிடும். முதல் பேருந்தைத் தவறவிடாதீர்கள்.

இங்ஙனம்,
உங்கள் நலம் விரும்பும் ஒரு வாசகன்